காப்பிக் களத்து மந்திரவாதி

ஈரேழு பதினாலு லோகத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் மந்திரவாதியைப் போல ஒரு வெத்துவேட்டு மனிதரைக் கண்டெடுக்க முடியாது. சேர்வராயன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். அவருக்கு மந்திரம் தெரியாது. தந்திரம் தெரியாது. சினிமா எடுக்கவும் தெரியாது. மூன்றும் தெரியாமலே ஒரு மந்திரவாதியைப் பற்றிச் சினிமா எடுப்பதற்காக ஏற்காட்டு மலையேறி வந்த புண்ணியவான் அவர்.

சொந்தப் பெயர் என்னவென்று எங்கள் எஸ்டேட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "அது மூவுலகும் நடுங்கும் பெயர். விழுந்தால் உன் செவி கருகிவிடும்!" என்பார். காது கருகுவதில் எங்களுக்கு இஷ்டம் இல்லாததால் மந்திரவாதி என்றே கூப்பிட்டோம்.

வெள்ளைக்காரன் காலம். அதிலும் யுத்த சமயம். நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் களத்து மேஸ்திரியாக இருந்தேன். தோல் எடுத்துக் கழுவிய காப்பிக் கொட்டையைப் பரப்பிக் காயவைக்கிற சிமெண்டுக் களம் என் பொறுப்பு. பழம் பறித்து முடிந்து, கொட்டை மூட்டையேறிப் போய்விட்டால், மாசிக்கு மேல் களத்தில் காக்காய்தான் உட்காரும். அப்படிச் சும்மா கிடந்த களத்தைத்தான் எங்கள் துரை சினிமாக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். துரைசானிக்குச் சினிமா என்றால் உயிர். துரைக்குத் துரைசானி என்றால் பயம். துணியும் தட்டியுமாக ஒரு சினிமா ராஜ தர்பார் என் களத்துக்கு வந்து சேர்ந்த வரலாறு இவ்வளவுதான்.

எனக்குச் சினிமா அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது. காலையில் குளித்துத் திருநீறு இட்டு விளக்கைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் என் பல்லில் படாது. முருகன் வேஷம் போட்டவன் மயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி இழுக்கிறான் என்று கேள்விப்பட்டால் என் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் துரை உத்தரவு. "மேஸ்திரி, எல்லாம் ஹெல்ப் பண்ணு" என்றுவிட்டார்.

மந்திரவாதி மலையேறி வந்த அழகைச் சொல்ல வேண்டும். பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் மலைக்கு வருகிற பஸ் அடுப்புக்கரியைத் தின்று ஓடும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நின்று பெருமூச்சு விடும். சனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். அந்த பஸ்ஸின் கூரை மேல், மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே, தொப்புள் வரைக்கும் தாடியும் கறுப்பு அங்கியும் மண்டை ஓடு செருகிய தடியுமாக நின்றுகொண்டு வந்தார் மந்திரவாதி. கீழே எல்லோரும் மூச்சு முட்டத் தள்ளிக்கொண்டிருக்க, அவர் மேலேயிருந்து தடியை நீட்டி, "மலையே, எனக்கு வழி விடு!" என்று கத்தினாராம். கண்டக்டர் அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, மலை அப்பவே விட்டுருச்சுங்க. நீங்க கொஞ்சம் எறங்கித் தள்ளுனீங்கன்னா பஸ்ஸும் போயிருமுங்க" என்றாராம்.

வந்த நாளிலிருந்து அந்த வேஷத்தை அவர் கலைக்கவே இல்லை. "கட்டுவதற்கு அரை நாள், கலைப்பதற்கு அரை நாள் என்றால் படம் எடுப்பது எந்த நாள்?" என்பது அவர் வாதம். தாடியோடு தின்றார். தாடியோடு தூங்கினார். பேச்சும் அதே பேச்சுத்தான். நாகலூர் வெற்றிலைக் கடை அம்மாள் முன்னால் போய் நின்று, "வனிதையே! அரக்கர் குலம் அஞ்சும் என் வாய் சிவக்க இலை இரண்டு எடு!" என்று உறுமுவார். அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெத்தல சரி. பாக்கு வேணுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க சாமி. பொறத்தால ஆளு நிக்குது" என்பாள். பாக்கைப் பற்றி அவருக்கு வசனம் பாடமில்லை. கையால் காட்டுவார்.

கதை, வசனம், டைரக்‌ஷன், மந்திரவாதி வேஷம் எல்லாம் அவரே. அது போக ராஜகுமாரனாக ஒருவர், ராஜகுமாரியாக ஒரு அம்மாள், எப்போது பார்த்தாலும் வானத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்கிற ஒரு காமிராக்காரர். கம்பெனி அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்ட கதை எங்கள் மலைக்கதை. ராஜாக்கள் கோட்டை கட்டி ஆண்ட காலத்தில் ஒரு மந்திரவாதி இந்த மலையின் மழையை எல்லாம் ஒரு குடத்தில் அடைத்து, அம்மனை மந்திரத்தால் தூங்கவைத்து, அந்தக் குடத்தை அவள் காலடியில் ஒளித்துவிடுகிறான். காடு காய்கிறது. ராஜகுமாரன் ஒருவன் தேடி வந்து அம்மனின் கண்ணைத் திறக்கிறான். குடம் உடைந்து மழை கொட்டுகிறது. ஆத்திரத்தில் மந்திரவாதி அம்மனை அடிக்கக் கை ஓங்குகிறான். ஓங்கிய கையோடு கல்லாகிப் போகிறான். செம்மநத்தம் போகிற பாதையில் கை ஓங்கின மாதிரி ஒரு பாறை நிற்கிறது. அதுதான் அவன் என்பார்கள்.

இந்தக் கதையைச் சொல்ல மாரமங்கலத்திலிருந்து ஊர்க்கவுண்டரை வரவழைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மலையில் சாமையும் தினையும் விதைக்கிற குடும்பம். கவுண்டர் பயபக்தியோடு சொல்லி முடித்தார். மந்திரவாதி தாடியை நீவிக்கொண்டு, "முடிவு சரியில்லை. நான் அடிக்கிறேன், சிலை பிளக்கிறது!" என்றார்.

கவுண்டர் பதறிப் போனார். "ஏனுங்க, பொளக்கறதா? அம்மனா? கல்லாப் போறதுதானுங்க கதை."

"கிழவா! நான் கல்லாகி நின்றால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். சிலை பிளக்க வேண்டும்! புகை கிளம்ப வேண்டும்! உள்ளேயிருந்து ராஜகுமாரி எழுந்து வர வேண்டும்! இந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தப் படமே!"

"கதைய மாத்துனா ஆகாதுங்க."

"கதை உன்னுடையது. காமிரா என்னுடையது!"

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை அளந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாவமுங்க மேஸ்திரி. நல்ல ஒசரமான ஆளு" என்றார். பாறையாகி நின்றால் எவ்வளவு உயரம் வருவார் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டார் மனிதர்.

படப்பிடிப்பு என்ற பெயரில் என் களத்தில் நடந்த கூத்துகளை எழுதினால் இந்தப் பத்திரிகை முழுவதும் காணாது. ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ராஜாக்களின் சேனைக்கும் எங்கள் எஸ்டேட் ஆட்களையே பிடித்தார்கள். காப்பிச் சாக்கைக் கத்தரித்து வெள்ளிச் சாயம் பூசினால் கவசம். சாயம் காய்ந்ததும் ஒவ்வொரு வீரன் முதுகிலும் எஸ்டேட் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. எதிரிப் படை முதுகிலும் அதே முத்திரைதான்.

சண்டைக்கு நடுவே மந்திரவாதி ஆகாயத்தில் பறந்து வர வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் கப்பி மாட்டி, அவர் இடுப்பில் கயிறு கட்டி, ஆட்களை இழுக்கச் சொன்னார்கள். மேலே போனார். கை இரண்டையும் விரித்தார். "மாள்வீர்! எல்லோரும் மாள்வீர்!" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து எஸ்டேட் மணி அடித்தது.

எஸ்டேட் வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியான மணி அடித்தால் கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிட வேண்டும். மண்வெட்டியானாலும் சரி, வாளானாலும் சரி. அது எங்கள் ஆட்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். இரண்டு சேனையும் ஒரே நொடியில் ஆயுதத்தைக் கீழே போட்டது. கயிறு இழுத்தவர்கள் கயிற்றை மரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தவர்கள் எழுந்து தூசி தட்டிக்கொண்டார்கள். எல்லோரும் ராகிக் களியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"அடேய் பதர்களா! நான் இன்னும் ஆகாயத்தில் இருக்கிறேன்!"

"செத்த இருங்க சாமி. மறு மணி அடிக்கட்டும், எறக்கிப் போடறோம்" என்றான் ஒருவன், வாயில் களியோடு.

மரத்துக் கிளையில் காய்ந்துபோன பலாப்பழம் மாதிரி அவர் சுற்றிச் சுற்றித் தொங்கினார். அவருக்கு நேர் கீழே நிழல் நன்றாக விழுந்தது. அங்கேதான் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். பொய் சொல்வானேன், அன்றைக்குச் சோறு தனி ருசி.

இனி அம்மன் கதைக்கு வருகிறேன். உடைப்பதற்கான சிலையைச் செய்யச் சேலத்திலிருந்து ஒரு பொம்மைக்காரர் வந்தார். மூங்கில் கட்டி, வைக்கோல் சுற்றி, களிமண்ணும் காகிதக் கூழும் பூசி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு அம்மனைச் செய்தார். சிலையைக் களத்தின் நடுவே கிழக்குப் பார்த்து நிறுத்தினார்கள். வர்ணமெல்லாம் தீட்டி முடித்தவர், கண் இரண்டையும் மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டுத் தூரிகையைக் கழுவ ஆரம்பித்தார்.

"கண் எங்கே?" என்றார் மந்திரவாதி.

"கண்ணு எழுதறதில்லீங்க. ஒடைக்கற பொம்மைக்குக் கண்ணத் தொறந்தா எங்க கொலத்துக்கு ஆகாதுங்க."

"குருட்டுச் சிலையை உடைத்தால் எவன் ஐயா பயப்படுவான்?"

"அப்பன்னா நீங்களே தொறந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட்டார் அவர்.

கண் எழுதும் வரைக்கும் அது மண். எழுதிவிட்டால் சாமி. அதற்கு முறை இருக்கிறது. எழுதுகிறவன் பட்டினி கிடந்து, தலை முழுகி, ஈர வேட்டியோடு எழுத வேண்டும். நல்ல நாளாக இருக்க வேண்டும். திறந்த கண் முதலில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், அடுத்து கன்றோடு பசுவைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். இது தெரியாத ஒரே மனிதர் மறுநாள் காலை செய்த காரியத்தைக் கேளுங்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர்களுக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்த நாகலூர்ச் சமையல்காரன் முதல் நாளே கோபித்துக்கொண்டு போய்விட்டதால் ராத்திரிச் சோறும் இல்லை, காலைக் காப்பியும் இல்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் காப்பிச் செடி, நடுவில் காப்பி இல்லாமல் நின்றார் மந்திரவாதி. விரல்களைச் சதுரமாகப் பிடித்து, அதன் வழியாகச் சிலையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நடந்து, பழம் கழுவுகிற தொட்டியில் மல்லாக்க விழுந்தார். தலை முழுகியது. அங்கியைப் பிழிந்து கொடியில் போட்டார். ஈர வேட்டியோடு ஏணியைச் சாய்த்து ஏறினார். தன் கண்ணுக்கு மை தீட்டுகிற தூரிகையாலேயே அம்மனுக்குக் கண் எழுதினார்.

மற்ற எதுவும் வராவிட்டாலும் அந்த ஒரு வேலை மனிதருக்குக் கைவந்திருந்தது. வருஷக்கணக்காகத் தன் கண்ணுக்கு மை அப்பிப் பழகியவர் அல்லவா? அந்தக் கண் சிரிப்பது போலவும் இருந்தது, கோபிப்பது போலவும் இருந்தது. களத்தில் எந்த மூலையில் நின்றாலும் நம்மையே பார்த்தது.

"மினுக்குகிறதா பார்க்க வேண்டும். கண்ணாடியைத் திருப்பு!" என்றார். வெயிலைத் திருப்பி அடிக்க அவர்களிடம் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. அதை அம்மன் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். தர்பார் தூணில் கட்டியிருந்த வாழையைத் தின்பதற்காக எஸ்டேட் பசு தன் கன்றோடு உள்ளே நுழைந்து, சிலைக்கு எதிரே நின்று, "அம்மா" என்றது.

களம் கூட்டிக்கொண்டிருந்த என் சம்சாரம் பாவாயி விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் குலவையிட்டாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கூடைகளை இறக்கிவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். நானும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அம்மன் காலில்தான், அந்த மனிதர் காலில் அல்ல.

"யாரங்கே சத்தம்? கட்! கட்!" என்று ஏணி மேலேயிருந்து கத்தினார். பாவாயி அவருடைய ஈரக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த வருஷம் அதுவரை பூ மழை பெய்யவில்லை. பங்குனிக்கு முன்பின்னாக ஒரு நல்ல மழை விழுந்தால்தான் காப்பி மொட்டு விரியும். அது தவறினால் அடுத்த வருஷம் பழம் இல்லை, பழம் இல்லையென்றால் எங்களுக்கு வேலை இல்லை. துரை நாள்தோறும் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை, பொழுது சாய்வதற்குள், மலை இடிவது போல மழை கொட்டியது. தர்பாரின் துணிச் சுவரெல்லாம் சாயம் ஓடி என் களம் ஹோலிப் பண்டிகை மாதிரி ஆயிற்று. அம்மன் மேல் மட்டும் பெண்கள் எங்கிருந்தோ தகரத்தைத் தூக்கி வந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு வாரம் பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்தது. வாசனையில் தலை சுற்றியது. எங்களுக்குத் தலை கால் புரியாத சந்தோஷம். காமிராக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பச்சைக் காட்டில் ஓங்கிய வாள் வெள்ளைக் காட்டில் போய் இறங்குகிறதே!

மந்திரவாதி பாடு அதைவிட மோசம். கண் திறந்த கைதான் பூசையும் செய்ய வேண்டும் என்பது முறை. விடிந்தால் அவர் கூடார வாசலில் தேங்காய் பழத்தோடு கூட்டம்.

"நான் மந்திரவாதி! கொடியவன்! உங்கள் அம்மனை அழிக்க வந்தவன்!" என்று தொண்டை கிழியக் கத்துவார்.

"ஆமாங்க சாமி, தெரியுமுங்க. கொழந்தைக்கு மூணு நாளாக் காய்ச்சலு. ஒரு சிட்டிகை துன்னூறு மட்டும் குடுத்துப்போடுங்க" என்பார்கள்.

சிலையை இனி உடைக்கக் கூடாது என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டது. துரையே நேரில் வந்து, "நோ! மழை குட். பூ குட். பொம்மை தொடாதே!" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். ஞாயிறு தவறாமல் மாதாகோயிலுக்குப் போகிற துரை அவர்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து ஒரு மத்தியானம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார் மந்திரவாதி. மழையில் பசை விட்டுத் தாடி ஒரு பக்கம் தொங்கியது.

"மேஸ்திரி, கொஞ்சம் கேளுங்க" என்றார். அவர் வாயிலிருந்து மனுஷப் பேச்சு வந்ததை அன்றுதான் கேட்டேன்.

"சேலத்துல எங்க மாமனாருக்கு அரிசி மில்லுங்க. நான் ஊட்டோட மாப்பிள்ளை. உமி அள்ளற எடத்துல என்னைய உக்கார வெச்சிருந்தாங்க. படம் எடுத்துக் காட்டறேன்னு வாசல்ல நின்னு சபதம் போட்டுட்டு வந்துட்டேன். யுத்தத்துல பிலிம் கெடைக்கறதில்ல. கையில கடைசியா ஒரே ஒரு டப்பாதான் இருக்குது. அந்த சீன் இல்லீன்னா படம் இல்லீங்க. படம் இல்லீன்னா மறுபடியும் உமிதான்."

"மில்லு நல்ல தொழிலுங்களே" என்றேன்.

"உமிக்கு யாருங்க மேஸ்திரி கை தட்டறாங்க?"

"வேற பொம்மை செஞ்சு ஒடைச்சுக்குங்க."

"செஞ்சு பார்த்தேனுங்க" என்று கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அவர் கையாலேயே பிசைந்த அம்மன் அங்கே இருந்தது. கோணிக்குள் எங்கள் எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் குறட்டை விட்டுத் தூங்குகிற மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு இரண்டு பேரும் திரும்பிவிட்டோம்.

அந்தக் கோலத்தைப் பார்த்தபின் மறுக்க மனசு வரவில்லை. சனங்களைக் களத்தில் கூட்டினேன். ஆளாளுக்குக் கத்தினார்கள். கவுண்டர் கடைசியாக எழுந்தார்.

"அடிக்கட்டுமுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க கவுண்டரே இப்படிச் சொல்றீங்க?"

"தன்னையக் காப்பாத்திக்க அவளுக்குத் தெரியாதா? நாம யாருங்க அவளுக்குக் காவல் நிக்க? அவரு அடிக்கட்டும். ஆகறது ஆகட்டும்."

கத்தியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நம்பிக்கை உள்ளவன் வேறு என்ன சொல்ல முடியும்? துரையிடம் துரைசானி பேசினாள். அவரும் சரி என்றுவிட்டார்.

குறித்த நாளில் வெயில் சுள்ளென்று அடித்தது. நாகலூரிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் சனங்கள் கட்டுச்சோற்றோடு வந்துவிட்டார்கள். சினிமா பார்க்க அல்ல. ஒரு மனிதன் கல்லாவதைப் பார்க்க. வெற்றிலைக் கடை அம்மாள் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். கல்லுக்கு முதல் மாலை யார் போடுவது என்று பெண்களுக்குள் சின்னச் சண்டைகூட நடந்தது.

அட்டையில் செய்த தடி வேண்டாம், பார்த்தால் தெரிந்துவிடும் என்று என் களத்துக் கடப்பாரையை வாங்கிக்கொண்டார் மந்திரவாதி. சிலைக்கு முன்னால் போய் நின்றார். நான் மெதுவாகக் கிட்டே போனேன்.

"ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால தள்ளி நின்னுக்கறீங்களா?"

"எதற்கு?"

"இல்லீங்க, இங்கயே கல்லாப் போய்ட்டீங்கன்னா, தையில காப்பி காயப்போடறதுக்கு நொம்ப எடைஞ்சலா இருக்குமுங்க."

அவர் என்னை முறைத்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

பாவாயி சொம்போடு வந்தாள். "ஏனுங்க சாமி, கடைசியா ஏதாச்சும் சாப்படறீங்களா? மோரு வேணா கொண்டாந்திருக்கறேன்."

"காமிராவை ஓட்டு!" என்று கத்தினார்.

காமிரா கிர்ரென்று ஓடத் தொடங்கியது. "என்னை எதிர்க்க எவருளர்!" என்று கடப்பாரையைத் தலைக்கு மேல் ஓங்கினார். அம்மன் அவரைப் பார்த்தாள். அவர் எழுதின கண்ணால் அவரையே பார்த்தாள். காமிரா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கடப்பாரை மேலேயே நிற்கிறது.

"அடிங்க சார்! பிலிம் ஓடுது!" என்றார் காமிராக்காரர்.

அசையவில்லை. நெற்றி வியர்வை மையோடு சேர்ந்து கறுப்பாகத் தாடிக்குள் இறங்கியது.

"சார்! அடிங்க சார்! கடைசி டப்பா சார்!"

ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது. கண் இமைக்கவில்லை. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காமிராவுக்குள் பிலிம் வால் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு அதுவும் நின்றது.

"தீர்ந்துபோச்சு சார்" என்றார் காமிராக்காரர், செத்த வீட்டில் சொல்கிற மாதிரி.

கவுண்டர் போய் மந்திரவாதியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "சூடு இருக்குதுங்க. கல்லாகல" என்றார். சனங்கள் பெருமூச்சு விட்டார்கள். அதில் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம்.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அம்மன் காலடியிலேயே உட்கார்ந்தார் அவர். பாவாயியின் மோரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"மண்ணுதான் மேஸ்திரி. காகிதந்தான். எனக்குத் தெரியுமுங்க" என்றார். மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "ஆனா பார்த்துக்கிட்டே இருக்கறவங்கள எப்படிங்க அடிக்கறது?"

மூவுலகையும் நடுங்கவைக்க வந்தவர் பேசுகிற பேச்சா இது? எனக்கு எரிச்சலாக வந்தது. அடிக்கப் போகிறேன் என்று ஊரைக் கூட்டுவானேன், பிலிமைப் பாழாக்குவானேன்? அம்மன்தான் அவர் கையைப் பிடித்தாள் என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அவ்வளவு சுலபமாகப் பிடிபடுகிற ஒரு மந்திரவாதியை நான் கண்டதில்லை.

மறுநாளே மூட்டை கட்டிவிட்டார்கள். பஸ் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டு, "மழைக்குக் கூரை ஒண்ணு போட்டுருங்க மேஸ்திரி. கண்ணு மையில எழுதுனது. நனைஞ்சா போயிரும்" என்றார். நாங்கள் போட்டோம். அவர் சொல்லாவிட்டாலும் போட்டிருப்போம்.

அடுத்த வருஷம் மலையடிவாரத்து டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. நான் போவதாக இல்லை. "நம்ம அம்மன் வர்றாளாம். பார்க்காம இருப்பீங்களா?" என்று பாவாயி கேட்டாள். அம்மனுக்காகத்தான் போனேன். வேறு எதற்காகவும் இல்லை.

மணல் தரையில் உட்கார்ந்தோம். படமா அது? காடு கறுக்கிறது, வெளுக்கிறது, மறுபடி கறுக்கிறது. சேனை திரும்பி நடந்தால் எஸ்டேட் முத்திரை நடக்கிறது. சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அந்தக் காட்சி வந்தது. வேறு வழியில்லாமல் எடுத்ததை அப்படியே ஒட்டிவிட்டார்கள். மந்திரவாதி கடப்பாரையை ஓங்கினார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எங்கள் மலைக்கதை எப்படியோ அப்படியே நின்றார்.

கொட்டகை பொறுக்குமா? "அடிடா!" என்று ஒருவன் கத்தினான். "கை சுளுக்கிருச்சாட்ட இருக்குது!" என்றான் இன்னொருவன். விசில் பறந்தது. வேர்க்கடலைத் தோல் திரையில் போய் விழுந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். "இவனெல்லாம் ஒரு மந்திரவாதி! மந்திரமும் தெரியல, நடிக்கவும் தெரியல. எவன்டா இவன்கிட்டக் காமிராவக் குடுத்தது?" என்றார். ஒரு வருஷமாக எஸ்டேட் முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்ததைத்தான் அவரும் சொன்னார். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது, எழுந்து நின்றுவிட்டேன்.

"வாயக் கொஞ்சம் மூடறீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, நல்லா இல்லாத படத்த நல்லா இல்லைன்னு சொல்லக் கூடாதுங்களா?"

"படத்த என்ன வேணா சொல்லிக்குங்க. அவரச் சொல்லாதீங்க."

"அட, அவரு உங்களுக்கு என்ன ஒறவுங்க? அண்ணந்தம்பியா?"

பாவாயி என் துண்டைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தாள். பின்னாலிருந்து மறைக்கிறது மறைக்கிறது என்று சத்தம் போட்டார்கள். திரையில் அவர் இன்னும் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒறவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "வேண்டியவரு."